நிமிர்நாட்டின் கழுத்துப் பட்டைச் சட்டம்

நிமிர்நாடு என்ற நாட்டில் வாக்குச் சீட்டு கிடையாது. குடிமக்களின் கழுத்துதான் வாக்கு. முரசறைவோன் கேள்வியைக் கேட்பான். சம்மதம் என்றால் தலையை மேலும் கீழும் ஆட்ட வேண்டும். சம்மதமில்லை என்றால் பக்கவாட்டில் ஆட்ட வேண்டும். மேடையில் நிற்கும் எழுத்தர்கள் தலைகளை எண்ணி அறிவிப்பார்கள். இவ்வளவு எளிய ஏற்பாட்டையும் கெடுக்க முடியும் என்று யாரும் நினைத்ததில்லை. ஆனால் அரசாங்கம் மனம் வைத்தால் எதுதான் முடியாது?

ஒரு நாள் காலை மன்னர் நிமிர்வர்மருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. மூன்று தலையணை வைத்துத் தூங்கியதன் பலன். எலும்பு வைத்தியம் பார்க்கும் காத்தாயியை ஏரிக்கரை ஊரிலிருந்து பல்லக்கில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். அவள் மன்னரின் பிடரியைத் தடவிப் பார்த்தாள்.

"கழுத்துல ஏழு எலும்புங்க மகாராசா. முதல் எலும்பு மேல தலை உக்காந்திருக்கு. ஆமான்னு ஆட்டுறது அங்கதான். ரெண்டாவது எலும்புல முளை மாதிரி ஒண்ணு மேல நீட்டிக்கிட்டு இருக்கும். அதைச் சுத்தித்தான் முதல் எலும்பு திரும்புது. இல்லைன்னு ஆட்டுறது பெரும்பாலும் அங்கதான். உங்களுக்கு அந்த எடம் இறுகிக் கெடக்கு. நாலு நாள்ல சரியாயிடும்."

"எந்தப் பக்கத்தின் கோளாறு?" என்று கேட்டார் தலைமை அமைச்சர் சிரோன்மணியார்.

"அப்படிப் பிரிச்சுச் சொல்ல முடியாதுங்க. வலப்பக்கம் மூஞ்சியத் திருப்பணும்னா இடப்பக்கத்து முன்கழுத்துத் தசை இழுக்கணும்."

"ஒரு பக்கம் போவதற்கு எதிர்ப்பக்கத்தின் ஒத்துழைப்பா? வெட்கக்கேடு!" என்று அமைச்சர் ஓலையில் குறித்துக்கொண்டார்.

நான்காம் நாள் மன்னருக்குச் சரியாகிவிட்டது. சட்டம் மூன்றாம் நாளே வந்துவிட்டது. மன்னரால் திரும்ப முடியாதபோது குடிமக்கள் திரும்புவது மரியாதைக் குறைவு. எனவே ஒவ்வொருவரும் தாடையிலிருந்து தோள்வரை மூங்கில் பட்டை அணிய வேண்டும். ஆமாம் என்று ஆட்டுவதற்கு மட்டும் முன்பக்கம் கொஞ்சம் தளர்வு உண்டு. மன்னர் குணமான செய்தி சட்டத்துறைக்குப் போகவில்லை. சட்டத்துறை பக்கத்து அறையில் இருந்தது. அந்தப் பக்கம் திரும்பிச் சொல்ல ஒருவராலும் முடியவில்லை.

முச்சந்திகளில் வண்டிகள் மோதிக்கொண்டன. உடனே குறுக்குத் தெருக்கள் தடை செய்யப்பட்டன. சந்தையில் முதுகுக்குப் பின்னால் கூடைகள் காணாமல் போயின. கண்ணால் காணாத திருட்டைத் திருட்டாகக் கொள்ள முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த ஆண்டு குற்றங்கள் பாதியாகக் குறைந்ததாக அரசிதழ் பெருமைப்பட்டது. இடுப்பில் இருக்கும் குழந்தையின் முகத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை என்று தாய்மார்கள் முறையிட்டார்கள். "பிள்ளைகள் அரசின் கண்ணெதிரே இருக்கப் பழகட்டும், முன்னால் தூக்குங்கள்" என்றார் அமைச்சர். மற்றதெல்லாம் போகட்டும், இந்தப் பதிலைக் கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது.

மூன்று ஆண்டுகள் இப்படியே போயின. பிறகு, ஏரிக்கரை ஊரின் ஏரியைத் தூர்த்து மன்னருக்குக் கோடை மாளிகை கட்டலாமா என்ற கேள்வி வாக்கெடுப்புக்கு வந்தது. ஏரி போனால் ஊருக்கு நடவுக்கும் தண்ணீர் இல்லை, குடிக்கவும் இல்லை. காத்தாயி நேரே அரண்மனைக்குப் போனாள்.

"மகாராசா, இல்லைன்னு ஆட்ட முடியாதவன் ஆமான்னு ஆட்டினா அதுக்கு என்னங்க மதிப்பு? பக்கத்து நாட்டுக்காரன் சிரிக்க மாட்டானா? அன்னைக்கு ஒரு நாளாவது பட்டையைக் கழட்டச் சொல்லுங்க."

மன்னருக்கு ரோஷம் வந்துவிட்டது. அமைச்சரும் மறுக்கவில்லை.

"தாராளமாகக் கழற்றட்டும், மன்னா. நமது ஆட்சியில் கழுத்துக்குப் பூரண சுதந்திரம் உண்டு" என்று புன்னகை செய்தார்.

காத்தாயிக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை. அவள் இந்த மூன்று ஆண்டுகளும் கதவைச் சாத்திக்கொண்டு, தினமும் பட்டையைக் கழற்றிக் கழுத்தைத் திருப்பிப் பழகியவள். ஊரும் அப்படித்தான் செய்திருக்கும் என்று நம்பிவிட்டாள். வைத்தியக்காரி செய்த ஒரே தவறு அதுதான்.

வாக்கெடுப்பு நாளில் பதினோராயிரம் பேர் திடலில் கூடிப் பட்டையைக் கழற்றினார்கள். முரசறைவோன் கேட்டான்: "ஏரியைத் தூர்க்கலாமா?"

மனிதத் தலை நல்ல பூசணிக்காய் கனம் இருக்கும். அதன் பாரம் கழுத்துக்கு முன்பக்கமாகச் சரிந்திருக்கிறது. பிடரித் தசைகள் விடாமல் இழுத்துப் பிடிப்பதால்தான் நாம் நேரே பார்க்கிறோம். மூன்று ஆண்டுகளாக அந்த வேலையை மூங்கில் பார்த்துக்கொண்டதால் தசைகள் இளைத்துப் போயிருந்தன. இல்லை என்று ஆட்டப் போன தலைகள் அத்தனையும் தொப்பென்று மார்பில் விழுந்தன.

"ஏகமனதாக ஆமாம்!" என்று எழுத்தர்கள் கூவினார்கள்.

காத்தாயி மட்டும் இடமும் வலமும் தலையை ஆட்டினாள். நரம்பு புடைக்க ஆட்டினாள். எழுத்தர்கள் அவளைப் பார்த்தார்கள்; 'ஒரு தலை காற்றில் ஆடியது' என்று எழுதிக்கொண்டார்கள்.

மறுவாரம் மண்வண்டிகள் ஏரிக்கு வரத் தொடங்கின. அதே நாளில் வீட்டுக்கு வீடு புதிய பட்டை இலவசம் என்று அறிவித்தார்கள். அதில் மன்னரின் படம் இருக்கும், உள்ளே பஞ்சும் இருக்கும். ஏரிக்கரை ஊரே வரிசையில் நின்றது. பக்கத்து வீட்டுப் பவளக்கொடியும் இரண்டு கைகளாலும் தலையைத் தாங்கிக்கொண்டு நின்றாள். காத்தாயி அவளிடம் ஓடினாள்.

"வரிசையை விட்டு வெளிய வாடி. தினம் பத்துத் தடவை மெல்ல மெல்லத் திருப்பினா ரெண்டு மாசத்துல கழுத்து தேறிடும். இன்னொரு வாக்கெடுப்பு கேப்போம். பாதி ஏரியாவது மிஞ்சும்."

"ரெண்டு மாசம் இந்தத் தலைய யாரு தூக்கிக்கிட்டு இருக்கிறது, அக்கா?" என்றாள் பவளக்கொடி. "நீ கொஞ்சம் தள்ளிக்க. வரிசை நகருது."