ஜன்னல் பெஞ்சுக்கு ஓர் இட ஒதுக்கீடு

கெடுதல் செய்யக் கிளம்புகிறவன் நாலு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவான். நல்லது செய்யக் கிளம்புகிறவன்தான் எந்தப் பக்கமும் பார்ப்பதில்லை. இது எனக்கு யாரும் சொல்லித் தெரிந்ததல்ல. இருபத்திரண்டு வயதில், உயிரோடு இருந்த ஒரு தாயை அவருடைய மகனிடம் சாகடித்துத் தெரிந்துகொண்டேன். (பயப்பட வேண்டாம். அந்த அம்மா அதற்குப் பிறகும் பல வருடம் என்னைக் கிண்டல் செய்துகொண்டு நன்றாகவே இருந்தார்.)

நைனார்பாளையத்தில் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். பி.ஏ. முடித்ததும், கள்ளக்குறிச்சியிலிருந்து மலைக்குப் போகும் சாலையில் இருந்த ஒரு முதியோர் இல்லத்தில் கண்காணிப்பாளர் வேலை கிடைத்தது. அப்படியென்றால் என்ன வேலை என்று அப்பா கேட்டார்.

"வயசானவங்க பத்தொம்பது பேரு இருக்காங்க. அவங்கள நான் பாத்துக்கணும்."

"நீ அவங்களப் பாத்துக்கறியா, அவங்க உன்னப் பாத்துக்கறாங்களா?" என்று கேட்டுவிட்டு அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலம் அது. டீக்கடையிலிருந்து கல்யாணப் பந்திவரை அதே பேச்சு. உட்கார இடம் கிடைக்காதவருக்கு ஓர் இடம் எழுதிவைப்பது என்ற எண்ணம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. எனக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததே அப்படித்தான். ஆகவே கையில் மருந்தை வைத்துக்கொண்டு நோயாளியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரமே நோயாளி அகப்பட்டார்.

இல்லத்துக் கூடத்தில் சாலையைப் பார்த்த ஒரு ஜன்னல். அதன் அடியில் மூன்று பேர் உட்காரக்கூடிய ஒரு பெஞ்சு. எதிரே பஸ் நிற்கும் இடம். அந்த பெஞ்சுக்குத்தான் காலையிலிருந்து அடிதடி. தங்கவேலு என்ற ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் அதில் நிரந்தரமாகக் குடியிருந்தார். விசிலைக்கூட இன்னும் பையில் வைத்திருந்தார். யாராவது நகரச் சொன்னால், "டிக்கெட் எடுத்துட்டேன், எறங்கற எடம் இன்னும் வரல" என்பார்.

கூடத்தின் மறுகோடியில், சமையலறையின் பின்வாசல் படியில், ஒரு கோணிப்பையை விரித்து உட்கார்ந்திருந்தார் குப்பாயி அம்மா. கல்வராயன் மலைக்காரர். முழங்கால் வீங்கி மலையேற முடியாமல் போனதால் கீழே தங்கிவிட்டவர். எந்நேரமும் முறத்தில் எதையாவது புடைத்துக்கொண்டிருப்பார். பென்ஷன் வாங்குகிறவர்களுக்கு ஜன்னல் காற்று, மலையிலிருந்து வந்தவருக்கு அடுப்படிப் புகை. எனக்கு ரத்தம் கொதித்தது.

அந்த வாரம் மரங்களை வெட்டிச் சாலையில் போட்டு மறியல் நடந்தது. பஸ் கிடையாது. சமையல்கார அஞ்சலை (அவரை எல்லோரும் 'அம்மா' என்றுதான் கூப்பிடுவோம்) எலவனாசூர்கோட்டையில் மகள் வீட்டுக்குப் போனவர் அங்கேயே மாட்டிக்கொண்டார். சமையலை நான் செய்தேன். (அதைப் பற்றி இங்கே வேண்டாம். சாப்பிட்டவர்களில் சிலர் இன்னும் இருக்கிறார்கள்.) பாதுகாப்புக்கு என்று பின்வாசலைப் பூட்டிச் சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டேன். அதே சூட்டில் ஒரு முழுத்தாளில் எழுதிக் கூடத்துச் சுவரில் ஒட்டினேன்:

'இட ஒதுக்கீடு – இறுதிப் பட்டியல். ஜன்னல் பெஞ்சு, முதல் இடம்: திருமதி குப்பாயி.'

தங்கவேலு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். "எனக்கு எந்த எடம்?"

"சுவரோரம், ஐந்தாவது நாற்காலி."

"அங்கிருந்து பாத்தா இன்னா தெரியும்?"

"சுவர்."

அவர் விசிலை எடுத்து ஒன்று ஊதினார். மறுநாள் காலையில் என் அறை வாசலில் ஒரு முருங்கைக் கிளை குறுக்கே கிடந்தது. அதற்குப் பின்னால் நாற்காலிகளைப் போட்டு ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மரம் வெட்டும் வயதில்லை, கிளைதான் ஒடிக்க முடிந்தது என்றார் தங்கவேலு. நான் அசையவில்லை. குப்பாயி அம்மாவைக் கைபிடித்து அழைத்துப் போய் ஜன்னல் பெஞ்சில் உட்கார வைத்தேன்.

"எதுக்கு தம்பி?" என்று இரண்டு தடவை கேட்டார்.

"உங்க உரிமைம்மா," என்றேன். தெரியாத ஊருக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவரைப் போல, முறத்தை மடியில் வைத்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தார். அடிக்கடி பின்பக்கம் திரும்பிப் பார்த்தார். கூச்சம் என்று முடிவு செய்தேன்.

மூன்றாம் நாள் நடுப்பகலில் பின்கதவு தட்டப்பட்டது. சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தோளில் மூட்டையோடு ஒருவர். ஏதோ விற்க வந்தவர் என்று நினைத்துக்கொண்டேன்.

"அம்மா இல்லீங்களா?" என்று கேட்டார்.

"அம்மா போயிட்டாங்கப்பா."

அவர் பூட்டிய கதவையும் காலிப் படியையும் பார்த்தார். "எப்ப?"

"அஞ்சி நாளாச்சி. ரோடெல்லாம் மறிச்சிட்டாங்க, யாருக்கும் சொல்லி அனுப்ப முடியல."

(இதைவிடத் தெளிவாக ஒரு சாவுச் செய்தியை யாராலும் சொல்லியிருக்க முடியாது.)

அவர் மூட்டையை இறக்கி வைத்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெயில் என்று நினைத்தேன். பிறகு மூட்டையை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பி நடந்தார்.

கதவைத் திறந்து மூட்டையைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தபோதுதான் குப்பாயி அம்மா பெஞ்சைவிட்டு எழுந்தார். "இது எங்கூட்டு மூட்ட. இந்தத் தையலு நான் போட்டது. எம்மவன் சடையன் எங்க?"

நான் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னேன். பாதி சொல்லும்போதே அது அவர் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று எனக்கே புரிந்துவிட்டது. பத்தொன்பது பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் யாரோ ஒருவர் எங்கோ இருந்தார்கள்.

"சைக்கிள எடு," என்றார் தங்கவேலு. வேண்டாம் என்று சொல்வதற்குள் கேரியரில் ஏறிவிட்டார்.

அந்த அவசரத்திலும் பின்வாசலை நான் வழக்கம்போலப் பூட்டிவிட்டுத்தான் வந்தேன். பழக்கம்.

ஒரு மைல் தாண்டியதும் சாலையில் ஒரு புளியமரம் படுத்திருந்தது. அதன்மேல் இளைஞர்கள். தங்கவேலு விசில் ஊதிக்கொண்டே வந்ததில் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"சைக்கிளு கூடப் போவக் கூடாது. திரும்புங்க."

"இட ஒதுக்கீட்டு விசயமாத்தான் போய்க்கினு இருக்கோம்," என்று தங்கவேலு என் சட்டைப் பையிலிருந்து பட்டியலின் நகலை உருவி நீட்டினார்.

ஒருவர் உரக்கப் படித்தார். "'ஜன்னல் பெஞ்சு, முதல் இடம், குப்பாயி.' யாருங்க குப்பாயி?"

"இவரு எடம் குடுத்த அம்மா. குடுத்த கையோட சாவடிச்சிட்டாரு. பொழச்சிக்கினாங்கன்னு மவன்கிட்ட சொல்லப் போறோம்."

சிரித்து ஓய்ந்ததும் சைக்கிளையும் தங்கவேலுவையும் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தார்கள். என்னை யாரும் தூக்கவில்லை.

மலையடிவாரத்தில் சடையன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தார். கூட இரண்டு சொந்தக்காரர்கள் அழுதுகொண்டிருந்தார்கள். தங்கவேலுதான் சொன்னார்: "எந்திரிப்பா. உங்கம்மா நல்லா இருக்குது. போனது சமையக்காரம்மா, அதுவும் அவங்க மவ வூட்டுக்கு."

சடையன் என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் கணக்குத் தீர்ந்திருக்கும். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. எழுந்து ஓடினார்.

நாங்கள் வந்து சேர்ந்தபோது பூட்டிய பின்கதவுக்கு வெளியே படியில் சடையன் உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தெரிந்த வாசல் அதுதான். உள்ளே கதவை ஒட்டிக் குப்பாயி அம்மா உட்கார்ந்திருந்தார். முன்வாசல் திறந்தே கிடந்தது. இருவருக்கும் அது நினைவுக்கு வரவில்லை. கதவைத் தாண்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். சாமை விளைந்ததைப் பற்றி.

அரைஞாண் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்தேன். சடையன்தான் வாங்கித் திறந்தார். திறந்ததும், அந்தப் படிக்கு நேர் எதிரே மலையும், அதிலிருந்து இறங்கி வரும் ஒற்றையடிப் பாதையும் தெரிந்தன. அந்தப் படியில் நின்று ஒரு தடவைகூட நான் பார்த்ததில்லை.

"உங்கள ஓரத்துல ஒதுக்கி வெச்சிட்டாங்கன்னு நெனச்சேம்மா," என்றேன்.

"யாரும் ஒதுக்கல தம்பி. நானாத்தான் ஒதுங்கி உக்காந்தேன். இங்க இருந்தாத்தான் இவன் எறங்கறது தெரியும்." மகனுடைய வீங்கிய கண்களைப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆனா ஒண்ணு. நான் செத்தா எம்மவன் அழுவான்னு உசுரோடவே பாத்துட்டேன். அது எத்தினி பேருக்குக் கெடைக்கும்?"

பஸ் ஓடாத அந்த வாரத்தில் அந்த இல்லத்துக்கு வந்த ஒரே விருந்தாளி சடையன்தான். காலிச் சாலையைப் பார்த்த பெஞ்சில் தங்கவேலு மறுபடி போய் உட்கார்ந்தார். அவருடைய மகன் சேலத்தில் இருந்தான், வந்தால் பஸ்ஸில்தான் வருவான் என்பதையும் அன்றுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். பட்டியலை நானே கிழித்தேன்.

என் கல்யாணத்துக்குத் தங்கவேலு வந்து, பந்தியில் விசில் ஊதி, "ஒதுக்கீட்டு மாப்ள, நாங்க எங்க உக்கார்றது?" என்று கேட்டதில் முழுக்கதையும் என் மனைவி வீட்டாருக்குத் தெரிந்துபோனது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் 'அவர் போயிட்டாரு' என்று யாரும் சொல்வதில்லை. 'வேலைக்குப் போயிருக்காரு, உசுரோட' என்றுதான் சொல்லவேண்டும்.

வீட்டுக்கு யாராவது வந்தால், நாற்காலியைக் கையில் பிடித்தபடி என் மனைவி, "எந்தப் பக்கம் பாத்து உக்கார்றீங்க?" என்று கேட்கிறாள். வாஸ்து பார்க்கிற வீடு என்று நினைத்து, வந்தவர்கள் கிழக்கைத் தேடுகிறார்கள்.

"அதெல்லாம் இல்லீங்க," என்று என்னைப் பார்த்துக்கொண்டே சொல்கிறாள். "உங்க ஆளு எந்த வழியா வருவாங்கன்னு கேட்டேன்."