என் உடம்பும் அவள் சம்மதமும்

செத்த பிறகாவது ஒழுங்காக வகுப்பெடுப்பது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிவு செய்தேன்.

நான் பூகோள வாத்தியார். கரும்பலகைப் பக்கம் திரும்பினால் முதுகுக்குப் பின்னால் சந்தைக்கடை தொடங்கிவிடும். நான் பாடம் நடத்தினால் எரிமலையே தூங்கிவிடும் என்று சக ஆசிரியர்கள் சொல்வார்கள். ஓய்வுபெறும் வயது வந்துவிட்டது. இனி மாணவர்கள் திருந்தப் போவதில்லை. நானும்தான். ஆனால் உடம்பை மருத்துவக் கல்லூரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டால்? ஒரு வகுப்பே சுற்றி நின்று என்னையே உற்றுப் பார்க்கும். ஒருவன் கொட்டாவி விடமாட்டான். நானும் வாய் தவறி எதையும் தப்பாகச் சொல்லிவிட முடியாது.

மனைவி கேரட் நறுக்கிக்கொண்டிருந்தாள். பஸ் பணிமனையில் உதிரிபாகக் கிடங்கு அவள் பொறுப்பு. அவளைக் கேட்காமல் அங்கே ஒரு திருகாணி நகராது. வீட்டிலும் அப்படித்தான்.

"ஒரு முக்கியமான முடிவு எடுத்திருக்கேன்."

"யாரைக் கேட்டு?"

"என் உடம்பைப் பத்தினது."

"அதான் கேக்கறேன். யாரைக் கேட்டு?"

சொன்னேன். கத்தி நின்றது.

"முழு உடம்பையுமா?"

"முழுசா."

"நல்லா யோசிச்சீங்க போங்க. எங்க பணிமனையில இனி ஓடவே ஓடாதுன்னு ஒரு வண்டி வந்தா, அதைச் சுத்தி நின்னு வேடிக்கையா பாக்கறோம்? கியர் பாக்ஸ் ஒரு வண்டிக்குப் போகும். டைனமோ இன்னொரு வண்டிக்குப் போகும். மறுநாளே ரெண்டும் ரோட்டுல ஓடும். ஹார்ட், கிட்னி, லிவருன்னு பிரிச்சு எழுதிக் குடுங்க. நாலு பேராவது பொழைப்பாங்க."

"நான் என்ன ஓட்டை பஸ்ஸா?"

"பஸ்ஸா இருந்தா காலையில தானா கிளம்பும்."

"நாலு பேரைப் பொழைக்க வைக்கறது பெருசா, ஒரு வகுப்பு டாக்டருங்களை உருவாக்கறது பெருசா?"

"இதுவரைக்கும் நீங்க உருவாக்கினவங்களைப் பத்திப் பேசலாமா?"

பேச வேண்டாம் என்றேன்.

"சண்டை எதுக்கு? ரெண்டையும் குடுத்துடுங்களேன்" என்றாள்.

"முடியாது. உள்ளே இருக்கறதை எடுத்துட்டா கல்லூரியில வாங்க மாட்டாங்க. கண்ணு மட்டும்தான் விதிவிலக்கு. கிடங்கைத் திறந்து காட்டி உள்ளே ஒண்ணும் இல்லேன்னா, பிள்ளைங்க எதைப் படிக்கும்?"

கிடங்கு என்றதும் அவள் முகத்தில் நியாய உணர்வு எட்டிப்பார்த்தது. இதுதான் சமயம் என்று ஒரு திட்டம் போட்டேன். என் பழைய மாணவி ஒருத்தி மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் பேராசிரியை. என் வகுப்பில் கடைசி வரிசையில் தூங்கியவள். அதனால்தானோ என்னவோ உருப்பட்டுவிட்டாள். அங்கே கூட்டிப்போய் ஒரு தடவை காட்டிவிட்டால் மனைவி தலையாட்டிவிடுவாள். அவள் சொல்லி நான் தலையாட்டியதுதான் இந்த வீட்டின் சரித்திரம். மாறுதலுக்கு ஒரு முறை.

போன அன்று பேராசிரியை எங்களை உடற்கூறியல் கூடத்தின் வாசலில் நிறுத்தினாள். புது மாணவர்களுக்கு அன்று முதல் வகுப்பு. உயரமான ஜன்னல்கள். வரிசையாக எஃகு மேஜைகள். நடு மேஜையில் வெள்ளைத் துணி போர்த்தி ஒருவர் படுத்திருந்தார்.

"இவர்தான் உங்க முதல் ஆசிரியர்" என்றாள் பேராசிரியை. "இவர் பேர் உங்களுக்குத் தெரியாது. உங்க பேர் அவருக்கும் தெரியாது. ஆனாலும் உங்களை நம்பித் தன்னைக் குடுத்திருக்கார்."

அத்தனை தலைகளும் குனிந்தன. மூச்சு விடுவது கேட்டது. துணியின் ஒரு முனை விலகியிருந்தது. ஒரு பெண் முன்னால் போய், தூங்குகிற அப்பாவுக்குப் போர்த்துவது போல அதைச் சரிசெய்தாள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒரு வார்த்தை பேசாமல் வகுப்பைக் கட்டிப்போட்ட அந்த வாத்தியாரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பொறாமை வரவில்லை. கும்பிடத்தான் தோன்றியது.

மனைவியின் கை என் கையைத் தேடிப் பிடித்தது. வெற்றி!

"பாத்தியா?" என்று கிசுகிசுத்தேன்.

"ஸ்ஸ்!" என்றாள். அந்த வகுப்பிலும் பேச்சு வாங்கிய ஒரே ஆள் நான்தான்.

பிறகு பக்கத்து அறை. பேராசிரியை உறை மாட்டிய கையில் ஓர் இதயத்தை எடுத்துக் காட்டினாள். மனைவி குனிந்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தாள்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதாம்மா. அவங்கவங்க கைப்பிடி அளவு."

"எத்தனை வருஷம் ஓடிச்சு?"

"இவர் எண்பதைத் தாண்டினவர்."

"நடுவுல நிறுத்தாம?"

"நிறுத்தினா அவ்வளவுதானே!"

"ராத்திரிகூட ஷெட்டுல விடாம..." மனைவியின் குரல் தேய்ந்தது. "எண்ணெய் மாத்தாம... ஒரு பேரிங்கூட மாத்தாம..."

இத்தனை வருடக் கல்யாண வாழ்க்கையில் அவள் வாயடைத்து நின்று நான் பார்த்ததில்லை. என் கை தானாக என் நெஞ்சுக்குப் போனது. உள்ளே அது பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தது. நான் ஒரு நாளும் நலம் விசாரித்ததில்லை.

பேராசிரியையின் அறையில் உட்கார்ந்ததும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

"இவளுக்குப் புரியற மாதிரி சொல்லும்மா. எது நல்லது?"

"ரெண்டுமே நல்லதுதான் சார். வயசாகி வீட்டுல இறந்தா, கண்ணைத் தவிர மத்த உறுப்புங்க இன்னொருத்தருக்குப் பொருத்தறதுக்கு உதவாது. அப்ப எங்ககிட்ட வாங்க. ஆஸ்பத்திரியில மூளை செத்துப்போய், மெஷினால மூச்சு ஓடி இதயம் துடிச்சிட்டிருந்தா, உறுப்பு தானம் பண்ணலாம்."

"அந்த நேரத்துல யாரைக் கேப்பாங்க?" என்றாள் மனைவி.

"குடும்பத்தை."

"குடும்பம்னா?"

"நீங்கதாம்மா."

"இவர் கல்லூரிக்குத்தான்னு எழுதி வெச்சிருந்தாருன்னா?"

"வீட்டுல சம்மதம் இல்லாம நாங்க எடுத்துக்கறதில்லம்மா."

மனைவி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். எங்கள் வீட்டில் திரைச்சீலையின் நிறத்தை முடிவு செய்வது அவள். என் சட்டையின் நிறத்தை முடிவு செய்வது அவள். உடம்பாவது என் சொத்து என்று நினைத்திருந்தேன். நான் அதில் வெறும் குடித்தனக்காரன்.

திரும்பும் பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். நானே ஆரம்பித்தேன்.

"நீ சம்மதிக்கலேன்னா ஒண்ணும் நடக்காது. தெரியும். ஆனா அந்தப் பொண்ணு துணியைச் சரிசெஞ்சா பாரு. அந்த மரியாதைக்குத்தான் ஆசைப்பட்டேன். வேற ஒண்ணும் இல்ல."

"ஆசை தப்புன்னு யார் சொன்னா? வீட்டுலயே போனீங்கன்னா நானே கொண்டுபோய் விடறேன். ஆனா ஆஸ்பத்திரின்னு ஆகி, உங்க இதயம் துடிச்சிட்டு இருக்கறப்ப..." ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள். "பக்கத்துல படுத்தா எனக்கு அந்தச் சத்தம் கேக்கும். கேட்டாத்தான் தூக்கம் வரும். கல்லூரிக்குக் குடுக்கறதுக்காக அதை நிறுத்துங்கன்னு என் வாயால சொல்லச் சொல்றீங்களா? யார் நெஞ்சுலயாவது ஓடட்டுமே. எந்த ஊர்லயோ ஓடிட்டு இருக்குன்னு நெனச்சுக்கிட்டு நான் தூங்கிடுவேன்."

எரிமலை, பூகம்பம் எல்லாம் நடத்தியிருக்கிறேன். எதுவும் என்னை இப்படி அசைத்ததில்லை. இத்தனை காலம் பக்கத்தில் படுத்திருந்தவள் இதைக் கேட்டுக்கொண்டா படுத்திருந்தாள்? குறட்டையைப் பற்றி மட்டும்தானே இதுவரை சொல்லியிருக்கிறாள்!

"உன் இஷ்டம்" என்றேன். "இதயம், கல்லீரல், கிட்னி, எல்லாம் எழுதிக் குடுத்துடறேன்."

"முழு மனசோடயா?"

"முழு மனசோட."

"அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

"மாட்டேன். இனிமே அதெல்லாம் என்னுது இல்லே. அந்த நாலு பேரோடது."

பஸ் நின்றது. மனசு காற்றாடி போல் இலேசாக இருந்தது. வாழ்நாளில் முதல் முறையாகப் பெரிய மனிதனாகிவிட்டேன். கொண்டாட வேண்டாமா? நிறுத்தத்துக்கு எதிரே பேக்கரி. கிரீம் வழியும் கேக் துண்டு ஒன்றை வாங்கி வாய்ப்பக்கம் கொண்டுபோனேன்.

கேக் பாதி வழியில் பறிபோனது. எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்ட மனைவி, நிதானமாக மென்று முடித்துவிட்டுச் சொன்னாள்:

"அடுத்தவங்க கல்லீரலை நான் இருக்கறவரைக்கும் கெட்டுப்போக விடமாட்டேன், நடங்க, வீடு வரைக்கும் நடந்தே போகணும்."