ஓவர்லோடிங் சாருக்கு வராத அழைப்பு

எந்தக் கடையில் இஞ்சி தட்டும் சத்தம் கேட்டாலும் எனக்குக் கீரனூர் ஞாபகம் வந்துவிடுகிறது. கூடவே ஓவர்லோடிங் சாரும். அவர் அளவுக்கு வார்த்தையை மிச்சம் பிடித்த வாத்தியார் பூமியில் பிறந்ததில்லை, இனிப் பிறக்கப்போவதும் இல்லை.

அங்கே ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் ஜாவா புரோகிராமிங் நடத்தினார். வேலைக்காக நான் தங்கியிருந்த லாட்ஜில் எனக்குப் பக்கத்து அறை. "ஒரே பேர்ல நாலு மெத்தட் இருக்கலாம்ப்பா. நீ என்ன குடுக்கிறியோ, அதப் பாத்து எந்த வேலையச் செய்யணும்னு அதுவே முடிவு பண்ணிக்கும். அதான் ஓவர்லோடிங்!" இந்தப் பாடத்துக்கு மட்டும் அவர் குரல் தெருவரை கேட்கும். பட்டப்பேர் தானாக ஒட்டிக்கொண்டது. ஆள் என்னவோ, பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் கண்ணிலேயே படாத எடை.

பாடத்தைப் பாடத்தோடு விட்டாரா? லாட்ஜுக்குக் கீழே டீக்கடை மாஸ்டரையும் பழக்கிவிட்டார். "கவனிங்க மாஸ்டர்." அவ்வளவுதான். பிளாஸ்க்கை நீட்டினால் பார்சல் டீ. போனை நீட்டினால் சார்ஜர். குடையை நீட்டினால் மாட்டிவைக்க ஆணி. ஒருநாள் அவசரத்தில் பிளாஸ்க் மூடிக்குள் போனைச் செருகி நீட்டிவிட்டார். மாஸ்டர் அடுப்பைப் பார்த்தபடியே மூடி நிறைய டீயை ஊற்றினார்.

"அய்யய்யோ, போனு சார்!"

"ஒங்க மேல தப்பில்ல மாஸ்டர். ரெண்டையும் சேத்துக் குடுத்தா என்ன செய்யணும்னு நான் சொல்லவே இல்லையே!"

கடையே சிரித்தது. ஆனால் அந்தப் போன் உயிர் பெறும்வரை அவர் சோறு இறங்காமல் கிடந்தார். மனைவி காலமாகிவிட்டார். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் ஒரே மகள் கூப்பிடுவது அதில்தான்.

"'அப்பா'ம்பா மக. 'ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க'ம்பா. இன்னொரு நாளு 'அப்பா'ம்பா, 'ஆதார் போட்டோ அனுப்புங்க'ம்பா. பின்னாடி ஒண்ணுமே இல்லாம, வெறும் 'அப்பா' மட்டும்… ஒருக்காவாச்சும் வராதான்னு பாக்குறேன் சார்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகளில் லாட்ஜ் காலியாகிவிடும். அவரவருக்கு ஓர் ஊர் இருந்தது. மொட்டைமாடிக் கொடியில் காயும் ஒற்றைச் சட்டைக்கு அருகில் போனும் கையுமாக நிற்பார். வெயில் சுவரேறிப் போகும். சட்டை காயும். போன் பேசாது.

எனக்குப் பொன்னமராவதிக்கு மாற்றல் வந்தது. வேண்டாமென்றாலும் கேளாமல் பஸ் ஸ்டாண்டுவரை என் பெட்டியைத் தூக்கி வந்தார். டிரைவர் ஏறி உட்கார்ந்துவிட்டார். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "லேப்டாப் மக்கர் பண்ணுனா போன் பண்றேன் சார்" என்றேன்.

பஸ் நகர்ந்ததும், ஜன்னல் கம்பியிலிருந்து கையை எடுக்காமலே நாலடி கூடவே நடந்தார்.

"மக்கர் பண்ணாட்டியும் கூப்புடுங்க சார்."