முன்னாள் தலைநகரம் தேவை

ஏழு ஆறுகளுக்கு அப்பால் மருதவனம் என்றொரு ராஜ்ஜியம் இருந்தது. அங்கே மழைக்கும் குறைவில்லை, அறிவிப்புக்கும் குறைவில்லை. அதன் மன்னர் செங்கோடவர்மர் ஒருநாள் போலந்து நாட்டைப் பற்றி யாரோ வாசிக்கக் கேட்டார். அந்நாட்டின் சின்னம் கிரீடம் சூடிய வெள்ளைக் கழுகாம். இப்போது வார்சா தலைநகரமாம், அதற்கு முன்னால் கிராக்கோவ், கினியெஸ்னோ என்று பழைய தலைநகரங்களே இருக்கின்றனவாம். மன்னருக்கு வயிறு எரிந்தது.

"நமக்கு ஒரு பழைய தலைநகரம்கூட இல்லையே! வெளியூர்க்காரன் கேட்டால் எந்த முகத்தோடு பதில் சொல்வது?"

"கவலை வேண்டாம் மன்னா. நாம் வேறு ஊருக்குக் குடிபோனால் இந்த ஆலங்கரை நாளைக்கே பழைய தலைநகரமாகிவிடும்" என்றார் மந்திரி மதிவாணர். மனிதருக்கு மூளை அப்படி!

கழுகைக் காப்பியடித்தால் கேவலம் என்று வெள்ளைக் கொக்கைச் சின்னமாக்கினார்கள். கொக்குக்குக் கிரீடம் வைத்து எல்லா அரசுச் சுவரிலும் வரையச் சொல்லி ஓவியர் திருமேனிக்கு உத்தரவு போனது. அவர் ஆலங்கரையில் ஏணிமேல் நின்று கிரீடத்துக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தபோது, தேர்தல் வருவதால் எளிமை வேண்டும், கிரீடம் கூடாது என்று கீழே தண்டோரா போட்டார்கள். பாவம், ஏணியிலேயே கைது.

அவர் மனைவி அஞ்சலை மனுவோடு ஓடினாள். கச்சேரி அதிகாரி, வைத்தியர், நீதிபதி எல்லோரும் மாட்டுவண்டி ஏறிப் புதுத் தலைநகரமான குன்றையூருக்குப் போயிருந்தார்கள். மூன்று நாள் நடந்து அங்கே போய்ச் சேர்ந்தாள். அதற்குள் தேர்தலும் முடிந்தது, கொக்குக்குக் கிரீடமும் திரும்பி வந்தது.

"அப்போ எங்க வீட்டுக்காரரு வரைஞ்சது சரிதானே ஐயா? விட்டுடுங்க."

"சரிதாம்மா. ஆனா அவரைப் பிடிச்சது ஆலங்கரை அதிகாரி. ஆலங்கரை இப்போ வரலாறு. வரலாற்றுல நான் எப்படிம்மா கையெழுத்துப் போடறது?" என்றார் அதிகாரி, மூட்டை கட்டிக்கொண்டே. ஒரே ஒரு பழைய தலைநகரம் போதவில்லையென்று மேட்டுப்புரத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். இதைக் கேட்டு எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது, அவளுக்கு எப்படி இருந்திருக்கும்!

மறுவருடம் பழைய தலைநகரத்தைப் பார்க்க வெளிநாட்டார் வருவதாகச் சேதி வந்தது. ஆலங்கரையிலோ காட்ட ஒன்றுமில்லை. மந்திரி யோசித்து, சிறை வாசலில் 'கிரீடத்துக்காகச் சிறை சென்ற மாவீரர் திருமேனி நினைவிடம்' என்று கல் பதித்தார். மன்னரே மாலையோடு வந்தார்.

அஞ்சலை கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் போனாள்.

"மன்னா, அவரு உசிரோடதான் உள்ளே இருக்காரு! சாவி உங்க மந்திரி இடுப்புலதான் தொங்குது. திறந்து விடச் சொல்லுங்க!"

மன்னரின் கண்கள் கலங்கின. மந்திரி குனிந்து கனிவாகச் சொன்னார்: "திறந்துட்டா நினைவிடத்துல என்னம்மா இருக்கும்?"

மாலையைப் பூட்டின்மேல் போட்டார்கள். மாவீரருக்காக இரண்டு நிமிடம் மௌனம் என்று அறிவித்ததும் ஊரே தலைகுனிந்து நின்றது. அந்த அமைதியில், மனைவியின் குரலை அடையாளம் கண்டுகொண்டவர் உள்ளேயிருந்து கத்தினார்: "அஞ்சலை! நீயா வந்திருக்கே?"

மாவீரரின் நினைவை அவமதித்த குற்றத்துக்காக உள்ளே இருந்தவருக்கு மேலும் ஐந்து வருடம் விதிக்கப்பட்டது.