கணினி கட்டிவைத்த கல்யாணம்

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தபோது அதற்கென்று ஒரு குழு அமைக்கவில்லை. அதனால்தான் நெருப்பு இன்றுவரை கண்ட இடத்தில் பற்றிக்கொண்டு திரிகிறது. வோல்ட்டா ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் அவுமே வட்டாரத் திருமணப் பதிவு அலுவலகம் அப்படிப்பட்ட அவசரக் காரியம் எதையும் செய்ததில்லை. நான் அதன் குறிப்பெழுத்தர். பெருமையோடு சொல்கிறேன்.

எங்களிடம் ஒரு மேசைக் கணினி இருந்தது. காலையில் பொத்தானை அழுத்திவிட்டுப் போய், பாங்குக் களியும் பொரித்த மீனும் சாப்பிட்டுக் கைகழுவி வந்தால், அது மெல்லக் கண்விழித்து, இன்று என்ன தேதி என்று நம்மையே கேட்கும். அதன் விசிறிச் சத்தத்துக்கு அஞ்சி எதிரே இருந்த சர்ச்சின் பாடகர் குழு ஒத்திகையை வேறு கட்டடத்துக்கு மாற்றிக்கொண்டது.

அந்தக் கணினியின் முன்தான் ஒரு திங்கட்கிழமை செனானுவும் ஜிக்போடியும் வந்து உட்கார்ந்தார்கள். ஊரறியக் கல்யாணம் முடித்து, ஆட்டுக்கறி விருந்தும் போட்டவர்கள். பதிவுதான் பாக்கி. செனானுவுக்கு மேற்கே ஒரு தங்கச் சுரங்கத்தில் வேலை கிடைத்திருந்தது. கல்யாணச் சான்றிதழ் காட்டினால் குடும்ப வீடு. காட்டாவிட்டால் குறட்டைக்காரர்கள் நிறைந்த கூடத்தில் ஒரு கட்டில். அவன் கூடத்துக்குப் போனால் அவள் அம்மா வீட்டிலேயே இருக்க வேண்டியதுதான். ஜிக்போடி என்றால் எங்கள் மொழியில் 'பொறுமை'. அவளைப் பெற்றவர்களுக்கு எங்கள் அலுவலகத்தைப் பற்றி முன்பே ஏதோ தெரிந்திருக்கிறது.

மணமகள் பெயரை நான் அடித்து முடித்தேன். கணினி ஒருமுறை செருமியது. ஒரு கட்டம் தாவியது. 'பதிவு அதிகாரி' என்ற இடத்தில் வர வேண்டிய எங்கள் தலைமை அதிகாரி எலிகெம் டூமேகாவின் பெயர், 'மணமகன்' என்ற இடத்தில் போய் உட்கார்ந்தது. அதோடு கணினி உறைந்துவிட்டது. அணைத்துப் பார்த்தோம், தட்டிப் பார்த்தோம். திரும்பத் திரும்ப அதே பக்கம் வந்தது. அச்சடிக்கச் சொன்னால் அச்சடித்தது. திருத்தச் சொன்னால் அசையவில்லை. காட்டும், ஆனால் கேட்காது. எங்களோடு நெடுங்காலம் பணியாற்றியதால் வந்த குணம்.

செனானு திரையை எட்டிப் பார்த்தான்.

"அண்ணே, என் பொண்டாட்டி பேருக்குப் பக்கத்துல உங்க ஐயா பேரு இருக்கே?"

"பதறாதீங்க தம்பி. தற்காலிகம்தான்."

"எது? கல்யாணமா?"

"பதிவு."

டூமேகா ஐயா நிலைமையின் தீவிரத்தை உடனே உணர்ந்தார். அன்றைக்கே 'கணினி மேம்பாடு மற்றும்/அல்லது மாற்றம் குறித்த உயர்மட்ட ஆய்வுக் குழு' உதயமாயிற்று. 'மற்றும்' வேண்டுமா 'அல்லது' வேண்டுமா என்பதிலேயே முதல் கூட்டம் ஆக்கபூர்வமாகக் கழிந்தது.

குழுவில் இரண்டு சிந்தனைப் பள்ளிகள் இருந்தன. கணக்குப் பிரிவு எனியோனம் அம்மா பழையதை மேம்படுத்தினால் போதும் என்றார். பண்டகப் பிரிவு அமெனு, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்க வேண்டும் என்றார். அவருடைய மைத்துனர் கணினிக் கடை வைத்திருந்தது முற்றிலும் தற்செயல்.

"நினைவகத்தைக் கூட்டினா எல்லாம் சரியாயிடும்" என்றார் எனியோனம்.

"எதுக்கும்மா? பண்ணின தப்பை இன்னும் நல்லா ஞாபகம் வெச்சுக்கறதுக்கா?"

"வயசாயிட்டா மாத்திடணுமா? அப்படியே என் வீட்டுக்காரர் பேசற மாதிரியே பேசறீங்க."

"நான் கம்ப்யூட்டரைச் சொன்னேன்."

"அவரும் கம்ப்யூட்டர்லதான் ஆரம்பிச்சாரு."

பிறகு எனியோனம் அம்மா மிகக் கனமான வாதம் ஒன்றை வைத்தார். "இதைத் தூக்கிப் போட்டா உள்ள இருக்கிற கல்யாணம் எல்லாம் போயிடும். ஒரே நாள்ல அவுமே முழுக்க ஒருத்தருக்கும் பொண்டாட்டி இருக்க மாட்டா!"

அமெனு வெகுநேரம் யோசித்தார்.

"இதுல பாதகம் என்ன இருக்கு?" என்றார்.

இதைக் குறிப்பில் ஏற்ற வேண்டாம் என்று பின்னர் என்னைத் தனியே கேட்டுக்கொண்டார். ஏற்றவில்லை. குறிப்பெழுத்தர் என்பவர் எதை எழுதக் கூடாது என்று அறிந்தவர்.

ஆக, சிக்கல் இதுதான். மேம்படுத்தினால், எங்கள் ஐயா ஜிக்போடியின் கணவராகவே நீடிப்பார், அதுவும் முன்னைவிட வேகமாக. மாற்றினால், வட்டாரமே பிரம்மச்சாரியாகிவிடும். இவ்வளவு பெரிய பிரச்சினையை அலுவலகத்தின் புழுக்கத்தில் அமர்ந்து சிந்திக்க முடியுமா? ஏரிக்கரை ஓட்டலில் 'சிந்தனை முகாம்' நடத்தினோம். திலாப்பியா மீனை முழுசாகச் சுட்டு, மிளகாய் அரைத்து வைத்தார்கள். மேம்படுத்த வேண்டிய அவசியமே இல்லாத மீன்.

ஜிக்போடி ஒவ்வொரு திங்கட்கிழமையும் வந்து வெளி பெஞ்சில் உட்கார்ந்தாள். செனானு சுரங்கத்துக்குப் போய் அந்தக் கூடத்தில் படுத்தான். கடைசியில் மாதக் கடைசிக்குள் சான்றிதழ் வராவிட்டால் குடும்ப வீட்டை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று சேதி கொண்டுவந்தான். ஆள் பாதியாக இளைத்திருந்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் குழு மனமிரங்கி, அப்போதே அவசரக் கூட்டம் கூட்டி, வரலாறு காணாத தீர்மானம் ஒன்றை ஒருமனதாக நிறைவேற்றியது. கணினியை மேம்படுத்தவும் வேண்டாம், மாற்றவும் வேண்டாம். மாப்பிள்ளையை மாற்றிவிடலாம்.

தீர்மானத்தை நானே வெளியே வந்து வாசித்தேன். "திரு செனானு அவர்கள் தம் பெயரை 'எலிகெம் டூமேகா' என்று மாற்றிக்கொள்ளும் பட்சத்தில், சான்றிதழ் உடனே அச்சடித்து வழங்கப்படும்."

ஜிக்போடி எழுந்து நின்றாள்.

"அவர் எதுக்கண்ணே பேரை மாத்தணும்? கம்ப்யூட்டர்தான் சொல்லிடுச்சே. நான் புருஷனையே மாத்திக்கறேன். அந்தத் தாளை அச்சடிச்சுக் குடுங்க."

குடிமக்கள் கேட்பதைக் கொடுப்பதே எங்கள் பணி. கொடுத்தேன்.

அன்று மத்தியானம் டூமேகா ஐயா வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தார். தீர்மானத்தில் கையெழுத்து வாங்க நானும் போயிருந்தேன். அவர் மனைவி அக்பேனே, கருவாட்டு மொத்த வியாபாரி. சந்தையில் அவர் குரல் உயர்ந்தால் அக்கரையில் படகுகள் திரும்பும். வாசலில் ஜிக்போடி வந்து நின்றாள். தலையில் தகரப் பெட்டி, கையில் குழம்புப் பானை. பின்னால் செனானு மெத்தையைச் சுமந்துகொண்டு நின்றான்.

"யாரும்மா நீ?" என்றார் அக்பேனே.

"உங்க வீட்டுக்காரரோட பொண்டாட்டிக்கா."

கென்கிச் சோளமாவு உருண்டை ஐயாவின் கையிலேயே நின்றது.

"அப்ப நான் யாருடி?"

"அது எனக்குத் தெரியாதுக்கா. என் பேரு கம்ப்யூட்டர்ல இருக்கு, இதோ முத்திரையோட." தாளை நீட்டினாள். "உங்க பேரு இருக்கா?"

அக்பேனே தாளைப் படித்தார். மெதுவாகத் திரும்பினார்.

"என் பேரு இருக்கா?"

"அது வந்து... நம்ம கல்யாணம் ஆனப்ப கம்ப்யூட்டரே கிடையாதே, அக்பேனே..."

"கம்ப்யூட்டர் வந்தப்புறம் எத்தனை கழுதைக்குப் பதிஞ்சு குடுத்தீங்க? நான் மட்டும் சும்மா வந்தவளா?"

ஐயா கென்கியைத் தட்டில் வைத்தார். அக்பேனே மெத்தைக்காரனைப் பார்த்தார்.

"நீ யாரு தம்பி?"

"போன மாசம் வரைக்கும் மாப்பிள்ளையா இருந்தேன்கா."

அக்பேனே அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். ஜிக்போடியின் உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. கோபமா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. அக்பேனேக்குத் தெரிந்துவிட்டது. பானையை அவள் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார்.

"சரி, உள்ள வா. தம்பி, நீயும் மெத்தையோட வா. இந்த வீட்ல எனக்கும் சான்றிதழ் இல்ல, உனக்கும் இல்ல, நாம ஒரே ஜாதி. சான்றிதழ் வெச்சிருக்கறவரு வெளியில போகட்டும். ரெண்டு கல்யாணமும் ஒழுங்கா எழுதி, ரெண்டு தாளோட வந்தா சோறு."

"குழு இன்னும் முடிவெடுக்கலையே..."

"கதவைச் சாத்தப் போறேன்."

டூமேகா ஐயா அத்தனை வேகமாக நடந்து நான் கண்டதில்லை. கையைக்கூடக் கழுவவில்லை. அலுவலகம் வந்து, கணினியின் பக்கம் திரும்பாமல், வெற்றுச் சான்றிதழ் இரண்டை அலமாரியிலிருந்து உருவினார். கையாலேயே எழுதினார். ஒன்று செனானு–ஜிக்போடி, இன்னொன்று டூமேகா–அக்பேனே. முத்திரை குத்தி ஊதினார். கையால் எழுதிய சான்றிதழ் சட்டப்படி என்றைக்கும் செல்லும்; கணினி எங்கள் 'வசதிக்காக' வந்ததுதான்.

ஐயா வீட்டு வாசலில் ஜிக்போடி தன் தாளை வாங்கி, மை காய்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்த்தாள். செனானு அவள் தோளுக்குமேல் எட்டி, தன் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தான். இரண்டாம் முறையும் படித்தான்.

"இதை அன்னைக்கே பண்ணியிருக்கலாமே ஐயா?" என்றாள்.

"அன்னைக்குத்தானேம்மா குழுவே அமைச்சோம்" என்றார் ஐயா, அதிகாரிக்குரிய கம்பீரத்தோடு.

மறுநாள் காலை அவர்கள் பஸ் ஏறினார்கள். அக்பேனே ஒரு கூடைக் கருவாடு கொடுத்தனுப்பினார். கணினியை மேம்படுத்துவதா மாற்றுவதா என்பது குறித்துக் குழு தொடர்ந்து ஆராய்ந்து வருகிறது. அடுத்த முகாமுக்கு மீன் சொல்லியாகிவிட்டது.

நியாயமாக நான் இங்கே பாராட்ட வேண்டியது ஐயாவின் பேனாவை. மின்சாரம் கேட்காத, உறையாத, ஒருவர் மனைவியை இன்னொருவர் பெயரில் எழுதாத உன்னதக் கருவி. இத்தனை நாள் அது எங்கே ஒளிந்திருந்தது என்று நீங்கள் கேட்கலாம். எங்கும் ஒளியவில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் மேசைமேல்தான் கிடந்தது. கூட்டத்தில் உட்கார்ந்ததற்கான படிப்பணம் பெற்றுக்கொண்டதற்கு நாங்கள் எல்லோரும் அதை வாங்கித்தான் கையெழுத்துப் போட்டோம்.