பின் அன்ரியும் இரண்டாவது அழைப்பிதழும்

எங்கள் ஒழுங்கை வீடுகளில் ஒரு பிள்ளை பட்டம் பெறுவதற்குப் பல்கலைக்கழகத்தின் அனுமதி இருந்தால் போதும். அதைத் தாய் தகப்பன் போய்ப் பார்ப்பதற்கு 'பின் அன்ரி'யின் அனுமதி வேண்டும். முதலாவது சுலபம், நாலு வருடம் படித்தால் தந்துவிடுவார்கள். இரண்டாவதில், நாற்பது வருடம் சேலை கட்டிப் பழகிய பெண்களே தோற்றுப்போயிருக்கிறார்கள்.

அன்ரிக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்தது. வட்டுக்கோட்டையில் எங்கள் ஒழுங்கைக்குள் அதை அறிந்தவர் தபால் கந்தோரில் வேலை செய்த என் அப்பா ஒருவர்தான். அவரும் அதைத் தொழில் இரகசியம்போல வெளியே விடமாட்டார். மற்றவர்களுக்கு அவர் பின் அன்ரி. கழுத்துச் சங்கிலியில் பதக்கம் தொங்க வேண்டிய இடத்தில் ஒரு டசின் சேஃப்டி பின்கள் தொங்கும். நடந்து வரும்போது கிலுகிலு என்று சத்தம் போடும். அந்தச் சத்தம் படலையடியில் கேட்டால், உள்ளே மீன் வெட்டிக்கொண்டிருக்கும் பெண்கூடத் தன் முந்தானையை ஒருமுறை சரிசெய்துகொள்வாள்.

அன்ரி கம்பஸில் பியோனாக இருந்து பென்சன் எடுத்தவர். பட்டமளிப்பு நாட்களில் மண்டப வாசலில் நின்று, பெற்றோரின் அழைப்பிதழைப் பார்த்து உள்ளே விடுவது அவர் வேலை. அந்த வாசலால் போன தாய்மாரையும் தகப்பன்மாரையும் வருடா வருடம் தலையிலிருந்து கால்வரை பார்த்து, பெற்றோர் பட்டமளிப்புக்கு எதை உடுக்க வேண்டும் என்று மனதுக்குள் ஒரு சாத்திரமே எழுதி வைத்திருந்தார். கலியாணம் செய்யாதவர் என்பதால் அதை வீட்டில் பரீட்சித்துப் பார்க்க வழியில்லை. ஒழுங்கையில் பரீட்சித்தார்.

"மேடைத் திரைச்சீலை சிவப்பு வெல்வெற்," என்று தொடங்குவார். "ஒரு தாய் அதே சிவப்பிலை பட்டுக் கட்டிக்கொண்டு வந்து, மேடைக்கு முன்னாலை நிண்டு படம் எடுத்தவ. படத்திலை தகப்பன் நிக்கிறார், பிள்ளை நிக்குது, நடுவிலை ஒரு தலை மட்டும் மிதக்குது."

புதுச் சப்பாத்துக்கு அவரிடம் மன்னிப்பே இல்லை. "புதுச் சப்பாத்துப் போட்ட தகப்பன், மகன்ரை பெயர் வாசிக்கேக்கை தன்ரை காலைத்தான் பாப்பான்."

கைக்குட்டை விஷயத்திலும் ஒரு கணக்கு உண்டு. "தாய்க்கு ஒரு லேஞ்சி, தகப்பனுக்கு ரெண்டு. தாய்மார் வீட்டிலையே அழுது முடிச்சிட்டுத்தான் வருவினம். தகப்பன்மார் அங்கை வந்துதான் துவங்குவினம்."

இதையெல்லாம் வாயால் சொல்லிவிட்டுப் போனால் பரவாயில்லை. பட்டமளிப்பன்று காலை ஆறு மணிக்கு நேரில் வந்து சோதனையும் நடத்துவார். மலர் மாமியின் தலையிலிருந்து மூன்று முழம் மல்லிகையை இறக்கியது அப்படி ஒரு காலையில்தான். "பின்னுக்கு இருக்கிற சனம் மேடையைப் பாக்கிறதோ, உம்மடை கொண்டையைப் பாக்கிறதோ?" என்று கேட்டாராம்.

ஒழுங்கை முகப்பில் இருந்த ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபரின் கதை இன்னும் மோசம். மகன் பொறியியல் பட்டம் பெறப்போகிறான் என்று அவர் கறுப்புக் கோட் ஒன்று தைப்பித்திருந்தார். அதைப் போட்டுக்கொண்டு மேசையில் இடியப்பத்துக்கு முன்னால் இருந்தபோது கிலுகிலு சத்தம் கேட்டது.

"எழும்புங்கோ மாஸ்ரர்."

"நான் முப்பது வருசம் பிள்ளையளைச் சோதிச்சனான். என்னைச் சோதிக்க நீர் ஆர்?"

"எழும்புங்கோ. இப்ப இருங்கோ. இனிக் குனிஞ்சு சப்பாத்து நூலைக் கட்டுங்கோ பாப்பம்."

ஆயிரம் பிள்ளைகளை ஒரு பார்வையால் அடக்கிய அதிபர் முணுமுணுத்துக்கொண்டு குனிந்தார். கோட்டின் நடுப்பொத்தான் தெறித்து, இடியப்பத் தட்டைத் தாண்டிப் போய்ச் சொதிச் சட்டிக்குள் விழுந்தது.

"கோட் பெயில்," என்றார் அன்ரி. "உடனை வேட்டிக்கு ஓடாதேங்கோ. உங்கடை வயித்திலை வேட்டி நிக்காது. மகன் மேடைக்கு ஏறேக்கை உங்கடை வேட்டி இறங்கும்."

கடைசியில் அதிபர் வெள்ளை நீளக்கைச் சட்டையும் சாம்பல் நிறக் காற்சட்டையுமாகப் போனார். ஒரு மாதம் அன்ரியோடு கதைக்கவில்லை. ஆனால் அன்றைக்கு எடுத்த படத்தைப் பெரிதாக்கி முன்னறையில் மாட்டியிருந்தார். அதில் அவர் மாப்பிள்ளைபோல இருக்கிறார் என்று அவருடைய மனைவியே சொன்னார். அதற்குப் பிறகு அன்ரியைக் கண்டால் தலையை மட்டும் ஆட்டுவார்.

என்னுடைய முறை வந்தது. நான் பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்புப் படித்துக்கொண்டிருந்த காலத்தில் அம்மா நோயில் போய்விட்டார். பிறகு வீட்டில் அப்பாவும் நானும்தான். அன்ரி காலையில் ஒருமுறை, பின்னேரம் ஒருமுறை எங்கள் வீட்டை எட்டிப் பார்ப்பார். ஆறுதலாக நாலு வார்த்தை சொல்ல அவருக்கு வராது. நான் முதன்முதலாகக் கம்பஸுக்குப் போன அன்று, சங்கிலியிலிருந்து இரண்டு பின்களைக் கழற்றி என் தோளில் துப்பட்டாவைக் குத்திவிட்டு, "இது விழுந்தால் பெடியள் எடுத்துத் தர வருவாங்கள். அது படிப்புக்குக் கூடாது," என்றார். அவருடைய ஆசீர்வாதம் அவ்வளவுதான்.

பெற்றோருக்கான அழைப்பிதழ்கள் இரண்டும் வந்த அன்று அப்பா அவற்றை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"ஒண்டு எனக்கு. மற்றது?"

"பின் அன்ரிக்கு," என்றேன்.

அப்பா கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "அதைத்தான் நானும் நினைச்சனான். நீயாச் சொல்லட்டும் எண்டு இருந்தனான்."

நான் போனபோது அன்ரி முற்றத்தில் கோழிகளுக்குத் தீன் போட்டுக்கொண்டிருந்தார். அழைப்பிதழை வாங்கினார். முன்னும் பின்னும் திருப்பினார். வெளிச்சத்தில் பிடித்து முத்திரையைப் பார்த்தார்.

"கார்ட் சரியாத்தான் கிடக்கு. ஏன் என்னட்டைக் காட்டுறாய்?"

"இது உங்களுக்கு அன்ரி."

"விசர்க்கதை. நான் இப்ப வேலையிலை இல்லையே."

"வாசலிலை நிக்கிறதுக்கு இல்லை. உள்ளுக்கு. அப்பாவுக்குப் பக்கத்துக் கதிரை."

கோழிகள் அவருடைய காலைச் சுற்றிச் சத்தம் போட்டன. அவர் கையிலிருந்த தீன் கொஞ்சம் கொஞ்சமாகத் தன்பாட்டில் விழுந்தது.

"அப்ப நான் என்னத்தைப் பிள்ளை உடுக்கிறது?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. யோசித்துப் பார்த்தால் அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. பட்டமளிப்புகளில் வருடக்கணக்காக நின்றவர்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் அதே சாம்பல்நீலச் சீருடைச் சேலையில்தான் நின்றார். ஊருக்கே உடுப்புச் சொன்னவருக்குத் தன்னுடைய உடுப்பைப் பற்றி யோசிக்க ஒரு தேவையும் வந்ததில்லை.

செய்தி ஒழுங்கையில் பரவ அரை மணித்தியாலம் எடுத்தது. அதன் பிறகு ஒரு கிழமை எங்கள் ஒழுங்கைக்குத் திருவிழா. இத்தனை வருடம் பொறுத்திருந்தவர்கள் எல்லோரும் ஆலோசனையோடு கிளம்பினார்கள். மலர் மாமி ஊதாச் சேலை ஒன்றைக் கொண்டுவந்து, "உமக்கு இதுதான் எடுப்பு. தலைக்குப் பூவும் வையும்," என்றார். யாரோ பச்சை என்றார்கள், யாரோ ஜரிகை என்றார்கள். அதிபர், கைத்தடியோடு நேரில் வந்து, "எழும்பும். இரும். குனியும் பாப்பம்," என்றார். அன்ரி எல்லாவற்றுக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைபோலத் தலையாட்டினார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. தலையாட்டுகிற அன்ரியை நாங்கள் பார்த்ததில்லை.

அம்மாவின் அலுமாரியைத் திறந்து, "இதிலை ஒண்டை எடுங்கோ அன்ரி," என்று நானும் சொல்லிப் பார்த்தேன். அவர் கதவை மெதுவாகச் சாத்தினார்.

"அது உன்ரை கொம்மான்ரை. நான் அவவின்ரை இடத்துக்கு வரேல்லைப் பிள்ளை. பக்கத்துக் கதிரைக்குத்தான் வாறன்."

திங்கட்கிழமை பின்னேரம், பட்டமளிப்புக்கு மூன்று நாள் இருக்கும்போது, அன்ரி வந்து அழைப்பிதழை மேசையில் வைத்தார். அப்பா அப்போதுதான் வேலையால் வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இதை வேறை ஆருக்கும் குடும். எனக்குச் சரிவராது."

"ஏன் அக்கா?"

"அங்கை நிக்கிறதெல்லாம் என்னோடை வேலை செய்த பெடியள். வாசலிலை நிண்டவள் இண்டைக்குச் சீலை உடுத்திக்கொண்டு உள்ளை போய் இருக்கிறாள் எண்டு சிரிப்பாங்கள். என்னைப் பற்றி எனக்கொண்டுமில்லை. இந்தப் பிள்ளையைப் பாத்தும் சிரிப்பாங்களே."

அப்பா கோப்பையைக் கீழே வைத்தார்.

"அக்கா, விலாசக்காரரின்ரை கையிலை குடுத்த தபாலைத் திருப்பி எடுக்கிற வழக்கம் எங்கடை கந்தோரிலை இல்லை."

"அப்ப நான் வேண்டாம் எண்டு எழுதித் தாறன்."

"எழுதித் தந்தால் மேலிடத்துக்கு அனுப்போணும். பதில் வர மூண்டு மாசம் எடுக்கும். பட்டமளிப்பு வியாழக்கிழமை."

அன்ரி அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா வலுகவனமாகத் தேத்தண்ணியைக் குடித்தார். கொஞ்ச நேரத்தில் அன்ரி அழைப்பிதழை எடுத்து இடுப்பில் செருகினார்.

"பட்டமளிப்புக்குப் போடுற உம்மடை களிசானைக் கொண்டுவாரும் பாப்பம்," என்றார். "இடுப்புத் தளர்ந்து கிடக்கும். எனக்குத் தெரியும்."

அடுத்த நாள் யாரையும் கேட்காமல் தனியாக பஸ்ஸில் யாழ்ப்பாணம் டவுனுக்குப் போய்ச் சேலை வாங்கி வந்தார். நல்ல பழுத்த மாம்பழ நிறம். ஒழுங்கையே கூடிவந்து பார்த்தது. ஒருவரும் சொல்லாத நிறம்.

"இதிலை ஒரு சொட்டுத் தேத்தண்ணி பட்டாலும் தெரியுமே!" என்றார் மலர் மாமி.

"தெரியட்டும். ஊத்தை தெரியாத நிறம் பாத்துப் பாத்துத்தான் இவ்வளவு காலமும் எடுத்தனான். வேலைக்கு அது காணும். இது வேலைக்கு இல்லை."

வியாழக்கிழமை காலையில் நான் முதலே போய்விட்டேன். வாசலில் நடந்ததை அப்பா பிறகு சொன்னார். சீருடையில் நின்ற பெடியன் அன்ரியிடம் வேலை பழகியவனாம். கண்டதும் முகமெல்லாம் மலர்ந்து, "அக்கா! என்ன வடிவாய் வந்திருக்கிறியள்! உங்களுக்கென்ன கார்ட்? உள்ளை போங்கோ," என்றிருக்கிறான்.

அன்ரி அசையவில்லை. பின்னால் வரிசை நீண்டுகொண்டு போனது.

"கார்ட்டைப் பார் தம்பி."

"உங்களை எனக்குத் தெரியாதோ அக்கா?"

"நான் உனக்கு என்ன சொல்லித் தந்தனான்? ஆர் வந்தாலும் பாக்கோணும். வாசி."

அதில் இருந்த என் பெயரை அவன் வாசித்தான். "சிவபாலன் தர்சிகா. பெற்றோர்."

"கேக்கேல்லை."

அவன் இன்னும் சத்தமாக வாசித்தான்.

"பெற்றோர் எண்டு போட்டிருக்கோ?"

"ஓம் அக்கா. போட்டிருக்கு."

"சரி. இப்ப போகலாம்," என்று சொல்லிவிட்டு அன்ரி உள்ளே போனாராம். அப்பா கொண்டுபோன இரண்டு லேஞ்சியில் ஒன்றை அந்த இடத்திலேயே முடித்துவிட்டார். இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. அன்ரி சொன்னார்.

பெயர் வாசிப்பு மூன்று மணித்தியாலம் போனது. நான் மேடைப் படியடியில் வரிசையில் நின்றபோது ஒன்பதாவது வரிசையில் அந்த மாம்பழ நிறத்தைக் கண்டுவிட்டேன். அது ஓரிடத்தில் இருக்கவில்லை. இடப்பக்கம் சாய்ந்தது, வலப்பக்கம் சாய்ந்தது, எட்டிக் கடைசிக் கதிரையில் இருந்தவரோடும் எதையோ கதைத்தது. அப்பா தலையைக் குனிந்துகொண்டு இருந்தார்.

எனக்கு முன்னால் போனவர்களுக்கு, அந்தப் பெரிய மண்டபத்தின் ஏதோ ஒரு மூலையில் இரண்டு பேர் கைதட்டுகிற சத்தம் கேட்கும். தாயும் தகப்பனும். பிறகு அடுத்த பெயர்.

என் பெயரை வாசித்தார்கள். ஒன்பதாவது வரிசை முழுவதும் எழும்பி நின்றது. இந்தக் கதிரையிலிருந்து அந்தக் கதிரை வரைக்கும், பட்டுச் சேலைகளும் வேட்டிகளும் வெள்ளைச் சட்டைகளும் ஒன்றாக நின்று கைதட்டின. ஒருவர் விசிலும் அடித்தார். குருநகரிலிருந்து மகளுக்காக வந்த தகப்பன் என்றும், நல்ல மனுசன் என்றும் அன்ரி பிறகு சொன்னார்.

அந்த வரிசையில் எனக்குத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஆனால் என்னைத் தெரியாதவர் ஒருவரும் அதில் இருக்கவில்லை.