கோலியனூரில் உதித்த இரண்டு நட்சத்திரங்கள்

சோதனை இயற்பியலில் காலம் தள்ளியவன் எவனும் வாழ்க்கையில் ஒருமுறையாவது இல்லாத துகள் ஒன்றைக் கண்டுபிடித்திருப்பான். இரண்டு முறை கண்டுபிடித்தவனுக்கு நிர்வாகப் பொறுப்பைக் கொடுத்து, கருவிகள் பக்கம் வராமல் பார்த்துக்கொள்வார்கள். நான் ஒரு முறையோடு நிறுத்திக்கொண்டவன். ஆனால் அந்த ஒரு முறையைத் தந்தி அடித்து, ஆள் வரவழைத்து, ரோஜா மாலையோடு செய்தேன்.

எண்பதுகளின் நடுவில் நடந்த கதை. சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தேன். வானத்திலிருந்து மியூவான் என்ற துகள்கள் எந்நேரமும் பூமியின்மேல் பொழிந்துகொண்டிருக்கின்றன. இந்தப் பத்தியைப் படித்து முடிப்பதற்குள் உங்கள் உள்ளங்கை வழியாகவே பல போய்விடும் (வலிக்காது). அவற்றை எண்ணுவதுதான் என் வேலை. மேலே ஓர் உணர்பலகை, கீழே ஓர் உணர்பலகை, நடுவில் ஈயக் கட்டிகள். இரண்டு பலகைகளும் ஒரே கணத்தில் சிலிர்த்தால் ஒரு துகள் கடந்துபோனது என்று பொருள். கருவி 'டிக்' என்று சொல்லும். சுருள் காகிதத்தின்மேல் ஒரு பேனா கோடு இழுக்கும்.

"மெட்ராஸ்ல மின் இரைச்சல் ஜாஸ்திய்யா. ரயிலு, லிஃப்டு, வெல்டிங் பட்டறை. அமைதியா ஒரு கிராமம் பாரு" என்றார் என் பேராசிரியர்.

பார்த்தேன். விழுப்புரத்தை அடுத்த கோலியனூர்ப் பக்கம், ஓட்டம் நின்றுபோன ஓர் அரிசி மில்லின் கிடங்கு. சுற்றிலும் கரும்பு, நெல், மல்லாட்டை (அந்தப் பக்கத்தில் நிலக்கடலைக்கு அதுதான் பெயர்). பேராசிரியர் தை மாதத்தில் ஒருநாள் நேரில் வந்தார். வாசலில் நின்று காதைத் தீட்டிக் கேட்டு, "பரம அமைதி" என்று சொல்லிவிட்டுப் போனார். (மின் இரைச்சலைக் காதால் கேட்க முடியாது என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். இரண்டு பேரும் படித்தவர்கள்.)

கருவியைப் பூட்டிச் சரிபார்ப்பதற்குள் மாசி போய்விட்டது. பங்குனியில் எண்ணத் தொடங்கினேன். வெப்பம் ஏறி இறங்கக் கூடாது என்பதற்காகக் கிடங்கின் ஜன்னல்களைச் சாக்கு வைத்து அடைத்திருந்தேன். அதற்குள்ளேயே கயிற்றுக் கட்டில், மண்ணெண்ணெய் ஸ்டவ், நான். வெளியே போவது ரோட்டோர டீக்கடைக்கு மட்டும். "ஒரு டீ, சர்க்கரை கம்மி." பல நாள் என் மொத்த உரையாடலே அதுதான். சில நாட்களுக்குப் பிறகு டீக்கடைக்காரருக்கு என் சர்க்கரை மனப்பாடம் ஆகிவிட்டது. அதுவும் போயிற்று.

கிடங்கை ஒட்டி ஏழுமலை என்பவரின் கழனி. ஆரம்பத்தில் ஒருநாள் அவர் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், ஒண்டியா இருட்டுல குந்திக்கினு இன்னா பண்றீங்க?"

"ஆராய்ச்சி."

"செய்யுங்க, செய்யுங்க. சாயங்காலம் கெணத்தாண்ட வாங்க சார். மல்லாட்டை சுட்டுத் தர்றேன், துன்னுக்கினே பேசலாம்."

"வேலை இருக்குங்க" என்றேன். துகள்கள் எனக்காக நிற்குமா? பிறகும் இரண்டு மூன்று முறை கூப்பிட்டார். ஒவ்வொரு முறையும் அண்டவெளியின் சார்பில் மறுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்துத் திண்டிவனம் போவேன். அங்கே அக்கா வீடு. மாமா பள்ளிக்கூட வாத்தியார். எந்த நிகழ்ச்சிக்கும் ஒரு மாலை உண்டு என்று நம்புகிறவர். மாற்றலாகிப் போகும் தலைமையாசிரியருக்கு மாலை, மாற்றலாகி வருபவருக்கும் மாலை.

"ஏன்டா இப்படி எளைச்சிக்கினே போற? அங்க யார்கிட்டயாவது வாயத் தொறந்து பேசறியா, இல்லியா?" என்றாள் அக்கா.

"கருவி இருக்குக்கா."

"அது பதில் பேசுதா?"

"டிக்குன்னு சொல்லும்."

அக்கா மாமாவைப் பார்த்தாள். மாமா பேப்பரைப் பார்த்தார்.

இந்த நிலையில்தான் கருவி வழக்கத்துக்கு மாறாகப் பேச ஆரம்பித்தது. தினமும் சில மணி நேரம் எண்ணிக்கை மடமடவென்று ஏறும். பேனா காகிதத்தின் விளிம்பு வரை துள்ளும். பிறகு சட்டென்று பழைய நிலைக்கு வந்துவிடும். ஒரு வாரம் இது காலையில் நடந்தது. அடுத்த வாரம் மதியத்துக்கு மேல். அதற்கடுத்த வாரம் மறுபடி காலையில்.

புதிதாக ஒன்று தென்பட்டால் செய்ய வேண்டியதற்கு முறை உண்டு. முதலில் பிளக்கைச் சந்தேகி. அடுத்து கேபிளை. அடுத்து எர்த்தை. அடுத்து உன்னை. கடைசியாகத்தான் பிரபஞ்சத்தைச் சந்தேகிக்கலாம். பின்னாளில் இதைப் பல தலைமுறை மாணவர்களுக்குக் கண்டிப்பான குரலில் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு நேராகப் பிரபஞ்சத்திலிருந்து தொடங்கினேன்.

வானத்தில் எங்கோ இரண்டு மூலங்கள் இருக்கின்றன என்று முடிவு கட்டினேன். ஒன்று காலையில் தலைக்குமேல் வருவது, மற்றது மதியம் வருவது. ஒன்று வேலை பார்க்கும்போது மற்றது ஓய்வெடுக்கிறது. நட்சத்திரங்கள் ஷிப்ட் முறையில் இயங்குகின்றன என்று பேராசிரியருக்கு நான் எழுதவில்லை. எழுதியதற்கு வேறு பொருளும் இல்லை. நடுவில் நல்ல கோடை மழை பெய்தது. இரண்டு நாள் துள்ளல் இல்லை. காற்றழுத்தம் என்று எழுதினேன்.

இதில் மன்னிக்கவே முடியாதது மூன்றாவது பலகை. அதைத் தள்ளி ஓரமாக வைத்திருந்தேன். மேலிருந்து வரும் துகள் அதைத் தொடாது. அதுவும் சேர்ந்து சிலிர்த்தால் வந்தது துகள் இல்லை, மின் இரைச்சல். இதைக் கண்டுபிடிப்பதற்கென்றே வைத்த பலகை அது. அது தினமும் சிலிர்த்தது. நான் என்ன செய்தேன்? ஓரப் பலகை வரைக்கும் சிதறுகிற அளவுக்கு ஆற்றல் மிக்க துகள் என்று கண்டுபிடிப்பின் மதிப்பை உயர்த்திவிட்டேன்.

உதவித்தொகை அந்த ஆண்டோடு முடிகிறது. இந்தச் சமிக்ஞை உண்மையானால் கட்டுரை, பட்டம், சென்னை. மனிதர்கள் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் ஒரு கேன்டீன். பொய்யானால் மறுபடி முதலிலிருந்து, அதே கயிற்றுக் கட்டில். எது உண்மையாக இருக்கும் என்று தீர்மானிக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை.

விழுப்புரம் போய்ப் பேராசிரியர் வீட்டு முகவரிக்குத் தந்தி கொடுத்தேன். 'உறுதி. உடனே வரவும்.' தந்தி வாங்கிய எழுத்தர் படித்துவிட்டு, "வயசானவங்களா சார்?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். அங்கே பேராசிரியரின் மனைவி தந்திக்காரரைப் பார்த்ததுமே அழத் தொடங்கி, உள்ளே இருப்பதைப் படித்த பிறகும், யார் போனது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அழுதார் என்று பிறகு அறிந்தேன்.

பேராசிரியர் தனியாக வரவில்லை. வெளியூர் நிபுணர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அளந்து பேசுகிற மனிதர். திண்டிவனத்திலிருந்து மாமாவும் வந்துவிட்டார், ஈரத்துணியில் சுற்றிய ஒரு பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு. (ஞாயிறன்று அக்காவிடம் வாய் திறந்து பேசிவிட்டேன். அவள்தானே பேசச் சொன்னாள்.)

அது காலை வாரம். ஆனால் பத்து மணியாகியும் துள்ளல் வரவில்லை. கிடங்குக்குள் நாலு பேரின் மூச்சில் புழுக்கம் தாங்கவில்லை. கதவைத் திறந்து வைத்தோம். நிபுணர் விசிறிக்கொண்டார். பேராசிரியர் காகிதச் சுருளை முன்னும் பின்னும் புரட்டினார். மாமா பொட்டலத்தின்மேல் தண்ணீர் தெளித்தார். நான் கருவியின் பக்கத்தில், பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பையனைப் போல நின்றேன்.

வெளியே யாரோ கத்தினார்கள். "யோவ் ஏழுமல, கரண்டு வந்துட்ச்சுய்யா!"

கிணற்றுப் பக்கம் மோட்டார் உறுமியது. என் பேனா விளிம்புக்குத் துள்ளியது.

"வந்துடுச்சு சார்!" என்று நானும் கத்தினேன். நம்புங்கள், அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. மாமா பொட்டலத்தைப் பிரித்து மாலையை எடுத்துவிட்டார்.

"கொஞ்சம் இருங்க" என்று நிபுணர் கையைக் காட்டினார். எழுந்து வெளியே போனார். கிணற்றடியில் அவர் குரல் கேட்டது. "ஐயா, அதைக் கொஞ்சம் நிறுத்துங்க."

மோட்டார் நின்றது. பேனா விழுந்தது.

"இப்பப் போடுங்க."

பேனா எழுந்தது. நிறுத்தினார்கள், விழுந்தது. போட்டார்கள், எழுந்தது. அத்தனை வாரம் அடங்காமல் துள்ளிய பேனா, பழக்கிய நாயைப் போல நின்று உட்கார்ந்தது.

"இன்னா சார் இது, போடுன்றீங்க, நிறுத்துன்றீங்க" என்று ஏழுமலை கத்துவது கேட்டது. "காயிலு பூட்ச்சின்னா பேஜாராப் பூடும் சார்! இப்ப இன்னாதான் வோணும் உங்களுக்கு?"

"நட்சத்திரம்!" என்று மாமா வாசலில் நின்று விளக்கம் கொடுத்தார்.

நிபுணர் உள்ளே வந்தார். "மூணாவது பலகை?"

"அதுவும் ஏறுது சார்."

"அப்படின்னா?"

"இரைச்சல் சார்."

அவர் தலையசைத்துவிட்டுச் செருப்பிலிருந்த சேற்றைத் தட்டினார். திட்டியிருக்கலாம்.

விளக்கெரிய ஒருமுனை மின்சாரம் போதும். மோட்டார் ஓட மும்முனை வேண்டும். அதை விவசாயத்துக்கு முறைவைத்து விடுவார்கள், ஒரு வாரம் காலையில், மறு வாரம் மதியத்துக்கு மேல். மழை பெய்தால் யாரும் தண்ணீர் இறைக்க மாட்டார்கள். ஏழுமலையின் ஸ்டார்ட்டர் தேய்ந்துபோய்ப் பொறி பறந்துகொண்டிருந்தது. என் எர்த் கம்பியும் அவர் எர்த் கம்பியும் ஒரே வாய்க்காலின் ஈரத்தில் புதைந்திருந்தன. என் இரண்டு நட்சத்திரங்களும் ஒரே கிணற்றில் இருந்தன. மின்சாரம் எந்த வாரம் எப்போது வரும் என்பது அந்த ஊரில் பேசுகிற அத்தனை பேருக்கும் தெரியும். நான்தான் யாரோடும் பேசவில்லையே.

பேராசிரியர் காகிதச் சுருளைச் சுருட்டி வைத்தார். பிறகு, "நான் வந்து பார்த்தது மாட்டுப் பொங்கலன்னிக்கு, இல்லே?" என்றார். "ஆமா சார்." அன்றைக்கு ஊரில் யார் தண்ணீர் இறைக்கப் போகிறார்கள்? போகும்போது, "எர்த்த மாத்து. முதல்லேர்ந்து ஆரம்பி" என்று மட்டும் சொன்னார். இன்னொரு வருடம் என்று அதற்கு அர்த்தம்.

மாமா மாலையோடு நின்றுகொண்டிருந்தார். "திண்டிவனத்துலேர்ந்து மடியில வெச்சிக்கினு வந்தேன்டா. திருப்பி எடுத்துக்கினு போனா உங்கக்கா என்னத்தான் கேப்பா."

"நம்ம மோட்டாருக்குப் போடுங்க வாத்தியாரே" என்றார் ஏழுமலை. "சாரு அதத்தானே கண்டுபுட்ச்சாரு?"

போட்டார். மாமாவுக்கு மாலை வீணாகக் கூடாது, அவ்வளவுதான்.

எல்லோரும் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் கிடந்தேன். கருவி டிக், டிக் என்றது. சாயங்காலம் யாரோ கதவைத் தட்டினார்கள்.

"சார், மல்லாட்டை சுட்டு வெச்சிருக்கேன். இன்னிக்காவது வர்றீங்களா? இல்ல, வேலை கீதா?"

வேலை இல்லை. போனேன். மாலை போட்ட மோட்டாரின் பக்கத்தில் உட்கார்ந்து தின்றோம். அவர்தான் பேசினார். எனக்குப் பேச்சு கொஞ்சம் துருப்பிடித்திருந்தது. ஒரு மனிதர் என் பக்கத்தில் தன் வேலையைத் தொடங்குகிறார் என்று அந்தக் கருவி எனக்குத் தினமும் சொல்லியிருக்கிறது. அதைக் கேட்டு நான் வானத்தைப் பார்த்திருக்கிறேன்.

எர்த்தை மாற்றி, உதவித்தொகையை ஒருவழியாக நீட்டிக்கச் செய்து, ஒரு வருடம் எண்ணி, எல்லோரும் ஏற்கெனவே அறிந்த எண்ணிக்கையை நானும் உறுதி செய்து பட்டம் வாங்கினேன். பிறகு பெரிய பெரிய சோதனைகளில் வேலை பார்த்தேன். ஒரு கட்டுரைக்கு நூற்றுக்கணக்கான ஆசிரியர்கள், நடுவில் எங்கோ என் பெயர். அங்கும் எனக்குக் கொடுத்தது எர்த் சரிபார்க்கும் பொறுப்புதான். அனுபவசாலி என்றார்கள்.

கதையை அக்கா என் கல்யாணத்திலேயே பெண் வீட்டாரிடம் சொல்லிவிட்டாள். அன்றுமுதல் வீட்டில் மிக்ஸி ஓடினால், கிரைண்டர் ஓடினால், என் மனைவி அடுக்களையிலிருந்து குரல் கொடுப்பாள்: "துகள் வந்துடுச்சுங்க, தந்தி அடிச்சிடலாமா?" மகள் பேசத் தொடங்கிய காலத்திலேயே அதைக் கற்றுக்கொண்டாள். மனைவி போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. மிக்ஸியை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

மகள் வெளிநாட்டிலிருந்து போன் செய்வாள், பெரும்பாலும் அவசரத்தில். "சாப்டியாப்பா? மாத்திரை போட்டியா? சரி, வெச்சிடட்டுமா?" அந்த நேரம் பார்த்து மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் ஓடினால் மட்டும் அவள் குரல் மாறிவிடும். "அப்பா, துகள் வந்துடுச்சா?" என்று சிரிப்பாள். "வந்துடுச்சும்மா" என்பேன். அப்புறம் அம்மாவைப் பற்றி, அத்தையைப் பற்றி, அந்த மாலையைப் பற்றிப் பேச்சு நீளும்.

அவள் கூப்பிடும் நேரம் தெரியும். அதற்குச் சற்று முன்னால் மோட்டாரைப் போட்டுவிடுகிறேன். தொட்டி நிரம்பியதும் அணைக்க வேண்டும் என்பதுதான் முறை. நிரம்பி, வழிந்து, பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கும் வரை நான் அணைப்பதில்லை.